நீலக் கலர் ஃபெண்டரும் கல்மண்டபம் உப்புக் காத்தும்

பேஸ் கிட்டார் வாசிக்கிறேன்னு சொன்னா நம்ம ஊர்ல வர்ற முதல் கேள்வி, "அதுல பாட்டு வாசிக்க முடியுமா?" ரெண்டாவது கேள்வி, "நாலு கம்பிதானே இருக்கு, மீதி ரெண்டு அறுந்துடுச்சா?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்பல்லாம் ஹெட்போனை எடுத்து எதிராளி காதுல மாட்டி விட்டுடறேன். 'மூடுபனி' (1980) படத்துல யேசுதாஸ் பாடற அந்த கிட்டார் பாட்டைப் போடுங்க. ஒரு தடவை யேசுதாஸை மறந்துடுங்க, கிட்டாரையும் மறந்துடுங்க. எல்லாத்துக்கும் அடியில ஒருத்தர் பாட்டோட சேராமலும் பிரியாமலும் தனியா ஒரு மெட்டு வாசிச்சுக்கிட்டு நடந்து போவார் பாருங்க. அவர் வாசிக்கிறதுதான் பேஸ்.

இதை மொபைல் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு "ஒண்ணும் காணோமே"ன்னு சொல்லக் கூடாது. பேஸோட தடிமனான கம்பி 41 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அகல மொபைலுக்கு அந்த சத்தத்தை எழுப்பற சக்தியே கிடையாது. அதுக்கு மேல இருக்கற ஹார்மோனிக்ஸை வெச்சு நம்ம மூளையே கீழ் சுரத்தை இட்டு நிரப்பிக்குது. பாதி பேஸை நாம கேக்கறதே இல்லை, ஊகம்தான் பண்றோம்.

ராஜா சார் நொட்டேஷன் எழுதினா பேஸுக்கும் முழுசா எழுதிக் கொடுத்துடுவார். ரிதத்தோட சேர்ந்து "தும் தும்"னு தட்டறதுக்குன்னு விட்டு வைக்கல, அதுக்குன்னு தனி மெலடியே கொடுத்தார். அதை வருஷக்கணக்கா வாசிச்சவர் சசிதரன். அடுத்து ரஹ்மான் பாட்டுகள்ல கீத் பீட்டர்ஸ். பாடினவங்க பேரு கேசட் அட்டையில இருக்கும், இவங்க பேரைத் தெரிஞ்சுக்க நாமதான் தேடிப் போகணும். அது ஒரு தனி வருத்தம், இன்னொரு நாள் பேசுவோம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

என்கிட்ட ஏற்கெனவே ஒரு பேஸ் இருக்கு. அஞ்சு கம்பி, இந்தோனேசியாவுல செஞ்சது, புதுசு. உள்ள ஒன்பது வோல்ட் பேட்டரி போட்ட ப்ரீஆம்ப். மெல்லிசான கழுத்து, வெயிட் கம்மி, சுதி அங்க இங்க நகராது. இ.எம்.ஐ. போட்டு வாங்கினேன். அதை ஒரு குறை சொல்ல மாட்டேன். பழசுன்னாலே உசத்தின்னு பேசற கோஷ்டியில நான் இல்லை. எழுபதுகள்ல வந்த கிட்டார்கள்ல கனமானதும் கழுத்து மூட்டு சரியா பொருந்தாததும் நிறைய உண்டு. கம்பெனியை 1965ல சி.பி.எஸ். வாங்கினதுக்கு அப்புறம் வேலைத்தரம் இறங்கிடுச்சுன்னு பழைய கைகள் இன்னிக்கும் புலம்புவாங்க.

அப்படியிருந்தும் ஒரு பழசை வாங்கிட்டேன். வாங்கின இடம் கல்மண்டபம்.

எங்க தெருவுல ஒரு அங்கிள். வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. நான் பால்கனியில உக்காந்து ஸ்கேல் பழகறதை எத்தனையோ நாளா கீழ டீக்கடையில இருந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கார். ஒரு நாள் நிறுத்தி, "தம்பி, நீ விரல்ல வேகம் வெச்சிகினு கீறே, ஆனா நோட்டை எப்போ வுடணும்னு தெரியல"ன்னார். சுருக்குன்னு இருந்தது. ஆனா சரியாத்தான் சொன்னார். பேஸ்ல நோட்டை ஆரம்பிக்கறது பாதி வேலை, நிறுத்தறது மீதி பாதி.

அங்கிள் எழுபதுகளின் கடைசியில இருந்து லைட் மியூசிக் ட்ரூப்ல பேஸ் வாசிச்சவர். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்னு ஆடி மாசம் கூழ் ஊத்தற திருவிழா எங்கயோ அங்க கச்சேரி. ராயப்பர் கோயில் திருநாள், கல்யாண ரிசப்ஷன், கட்சிக் கூட்டத்துக்கு முன்னாடி கூட்டம் சேக்க ரெண்டு மணி நேரம்னு ஓய்வே இல்லையாம். தொண்ணூறுகள்ல கீபோர்டு வாசிக்கிறவர் இடது கையாலயே பேஸையும் வாசிக்க ஆரம்பிச்சார். ஒரு ஆள் சம்பளம் மிச்சம். அதுக்கப்புறம் மைனஸ் ட்ராக் வந்ததும் கீபோர்டு ஆளே மிச்சம். அங்கிள் துறைமுகத்துக்குள்ள ஒரு கிளியரிங் ஏஜென்சியில டெலிவரி பாக்கற வேலைக்குப் போயிட்டார்.

"வால்யூம் திருவுனா கர்ருனு சவுண்டு வர்து, நீ இஞ்சினியர்தானே, வந்து பாரு"ன்னு கூப்பிட்டார். (சாஃப்ட்வேர் இஞ்சினியருக்கும் சால்டரிங்குக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. நம்ம ஊர்ல இஞ்சினியர்னா மிக்ஸியும் பாக்கணும்.) போனேன். கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு ரெக்ஸின் பெட்டியை இழுத்தார்.

உள்ள ஒரு ப்ரிசிஷன் பேஸ். கண்ணைப் பறிக்கிற நீலக் கலர். லாரி பாடியில அடிப்பாங்களே, அந்த நீலம். தலையில இருந்த ஃபெண்டர் ஸ்டிக்கர் பாதி தேய்ஞ்சு போயிருந்தது.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. அதுவரைக்கும் பேஸ்னா ஆள் உசரத்துக்கு நிக்கற டபுள் பேஸ்தான். அதைத் தூக்கிட்டு வண்டியில ஏறறதே ஒரு வித்தை. கழுத்துல ஃப்ரெட் கிடையாது, விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் சுரம் போயிடும். கலிஃபோர்னியாவுல லியோ ஃபெண்டர் 1951ல ஃப்ரெட் வெச்சு, தோள்ல மாட்டிக்கற மாதிரி ஒண்ணு செஞ்சார். சுரம் துல்லியமா விழும்ங்கறதால பேரே ப்ரிசிஷன். 1957ல பிக்கப்பை ரெண்டு துண்டா பிரிச்சு வெச்சார், அதுல இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். அந்த டிசைன் இன்னிக்கும் பெருசா மாறல. மென்பொருள்ல இப்படி ஒரு வெர்ஷன் எழுதினவனை நான் பார்த்ததில்லை :-)

போலி ஸ்டிக்கர் எங்க வேணா கிடைக்கும், அதனால அதை நான் நம்பல. முன்னாடி இருந்த பிளாஸ்டிக் தட்டோட 13 ஸ்க்ரூவைக் கழட்டினேன். நாலஞ்சு துரு ஏறிப் போய் திரும்பவே மாட்டேங்குது, தேங்காய் எண்ணெய் விட்டு வெயிட் பண்ணினோம். தட்டைத் திருப்பிப் பார்த்தா வால்யூம் பாட் மேல பொறிச்ச நம்பர், 137ல ஆரம்பிச்சு 7814ல முடியுது. 137ன்னா சி.டி.எஸ். கம்பெனி. 78ங்கறது வருஷம், 14ங்கறது வாரம். அதாவது 1978 ஏப்ரல் வாக்குல செஞ்ச பாட். சால்டரிங் யாரும் தொட்ட மாதிரி இல்லை. தலையில மங்கலா இருந்த சீரியல் நம்பரும் எஸ் 8ன்னு ஆரம்பிச்சது, எழுபதுகளோட எட்டாவது வருஷம். ரெண்டும் ஒத்துப் போச்சு. அசல் அமெரிக்க ஃபெண்டர்.

கப்பல்ல ஃபிட்டரா இருந்த அங்கிளோட மச்சான் எண்பதுல எங்கயோ ஒரு துறைமுகத்துல செகண்ட் ஹேண்டா வாங்கிட்டு வந்ததாம். அந்தக் காலத்துல வெளிநாட்டு கிட்டாரைக் கடையில வாங்கறது சாமானியனால நடக்கற காரியமே இல்லை. வட சென்னைக்குள்ள நல்ல கிட்டார் வந்த வழியே பாதி இப்படித்தான், யாரோ ஒரு மச்சான், யாரோ ஒரு கப்பல்.

நான் தட்டை மூடிக்கிட்டு இருக்கும்போது அங்கிள் சொன்னார், "எனக்கு இனிமே விரல் மடங்கல தம்பி. நீயே வெச்சிக்க. பதினஞ்சாயிரம் குடு போதும். பேத்திக்கு நர்சிங் காலேஜ்ல மாசக் கடைசிக்குள்ள நாப்பது கட்டணும், கொஞ்சம் ஆவும்."

புது பேஸ் ஆரம்ப ரகம் இருபதாயிரம்னு யாரோ சொன்னதை வெச்சு, பழசுக்கு அஞ்சு கழிச்சு அவர் போட்ட கணக்கு.

"அங்கிள், நாளைக்கு சொல்றேன்"னுட்டு வந்துட்டேன்.

ராத்திரி ஆபீஸ் நண்பன்கிட்ட சொன்னேன். "மச்சி, வாயை மூடிக்கிட்டு ஜிபே பண்ணிட்டு தூக்கிட்டு வா. அவர் சொன்ன விலைதானே, நீயா குறைச்ச?"ன்னான். லாஜிக் என்னவோ சரிதான். விக்கறவர் சொன்ன விலைக்கு வாங்கறது திருட்டு இல்லை. எதுவுமே மாறாத அந்த வருஷத்து ப்ரிசிஷன் வெளிநாட்டுல ரெண்டாயிரம் டாலருக்குக் குறைஞ்சு சுலபத்துல கிடைக்காது. நம்ம காசுல ஒண்ணரை லட்சத்துக்கு மேல. ஆனா அந்த பாட் நம்பரைப் படிச்சவன் நான். என்னை நம்பித்தான் அதைத் திறக்கவே விட்டார். அப்படிப் பார்த்து வந்த தகவலை எனக்கு மட்டும் வெச்சுக்கிட்டா தினம் அவர் டீ குடிக்கிற கடை வழியா எப்படி ஆபீஸ் போறது?

மறுநாள் போய் எல்லாத்தையும் சொன்னேன். மொபைல்ல வெளிநாட்டு விலைகளைக் காட்டினேன். அங்கிள் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்போ நீ வாங்கமாட்டே?"ன்னார்.

அவர் முகத்துல சந்தோஷம் வரும்னு எதிர்பார்த்தேன். வரல. அவருக்கு அது முன்பின் தெரியாத யார் கைக்கோ போயிடுமோங்கற பயம்.

உக்காந்து கணக்கு போட்டோம். முக்கியமான விஷயம் அந்த நீலம். எண்பதுகள் கடைசியில உப்புக் காத்துல பெயிண்ட் பொரிஞ்சு போச்சுன்னு மெக்கானிக் ஷெட்ல கொடுத்து அடிச்சதாம். ஒரிஜினல் பெயிண்ட் போன பழைய கிட்டாருக்கு சந்தையில ஏறக்குறைய பாதி விலைதான். பிரிட்ஜ் துருப்பிடிச்சு மாத்தியிருக்கார், ஒரு சாவி வேற கிட்டாரோடது. எல்லாம் கழிச்சு 75 ஆயிரம்னு வந்தது. "ஏலத்துல விட்டா இன்னும் கொஞ்சம் கூடவே வரும் அங்கிள்"னு அதையும் சொன்னேன். "ஏலம் வுட இது இன்னா மீனா?"ன்னார். நாப்பது உடனே, மீதி மாசம் அஞ்சாயிரமா ஏழு மாசம். ஃபீஸ் கட்டியாச்சு. என் அம்மாவுக்கு மொத்தத் தொகை தெரியாது, தயவுசெஞ்சு யாரும் சொல்லிடாதீங்க.

இப்ப வீட்டுல ரெண்டு பேஸ். ரெண்டையும் மாத்தி மாத்தி வாசிக்கிறதுல ஒண்ணு புரிஞ்சது. புதுசுல அஞ்சாவது கம்பி 31 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும், நாலு நாப் திருகினா எந்த சவுண்டு வேணும்னாலும் வரும். பழசுல ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். சவுண்டு மாறணும்னா விரல் மாறணும். பிரிட்ஜ் பக்கம் தள்ளி வாசிச்சா இறுக்கம், கழுத்துப் பக்கம் வாசிச்சா உருண்டை. அங்கிள் திட்டின அந்த "நோட்டை எப்போ வுடணும்" விஷயம் இதுலதான் எனக்குக் கை வர ஆரம்பிச்சிருக்கு. முதுகு வலியும் இதுலதான். சரியான கல்லு.

கடலோரத்துல பழைய கிட்டார் வெச்சிருக்கறவங்களுக்கு அனுபவத்துல நாலு வார்த்தை. வாசிச்சு முடிச்சதும் கம்பியை அடிப்பக்கமும் சேத்துத் துடைங்க. சுவத்துல மாட்டாதீங்க, பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. நவம்பர் மழையில மரம் ஈரம் குடிச்சுக் கழுத்து வளையும். உள்ள இருக்கற ட்ரஸ் ராடைக் கால் சுத்துக்கு மேல ஒரே நாள்ல திருகாதீங்க. இந்த மாடல்ல ராடோட முனை கழுத்து அடியில இருக்கு, நாலு ஸ்க்ரூ கழட்டிக் கழுத்தைத் தூக்கினாத்தான் சௌகரியமா திருக முடியும். யார் யோசனையோ, நல்லா இருக்கட்டும்.

மோட்டவுன் கம்பெனி பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் தன்னோட 1962 ப்ரிசிஷன்ல கம்பியை மாத்தவே மாட்டாராம், அறுந்தாத்தான் மாத்துவாராம். அழுக்குலதான் சவுண்டே இருக்குன்னு அவர் கட்சி. ராயபுரத்துல குடியிருந்தா ஆறே மாசத்துல கட்சி மாறியிருப்பார். அந்த பேஸ் 1983ல அவர் சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி திருட்டுப் போச்சு.

ஃப்ரெட் போர்டு ரோஸ்வுட். பிரேசில் ரோஸ்வுட் கிடைக்கறது அரிதானதும் உலகம் பூரா கிட்டாருக்குப் போனது பெரும்பாலும் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வளர்ற ஈட்டி மரம். இதுலயும் அதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இங்கிருந்து மரமாப் போய், கலிஃபோர்னியாவுல கிட்டாராகி, கப்பல்ல ஃபிட்டர் மச்சான் புண்ணியத்துல கல்மண்டபம் வந்து சேர்ந்திருக்குன்னு நினைச்சுக்கறேன்.

இணையத்துல போட்டோ போட்டதும் ரெண்டு பேர் அந்த நீலத்தைச் சுரண்டிட்டு ஒரிஜினல் கலர் அடின்னு ஆலோசனை சொன்னாங்க. சுரண்டினாலும் ஒரிஜினல் திரும்பாது, இன்னொரு புது பெயிண்ட்தான் வரும். விலையும் ஏறாது. அதோட அந்த நீலத்தை அடிச்ச மெக்கானிக் கூலி வாங்கலையாம், தங்கச்சி ரிசப்ஷனுக்கு அங்கிளை வந்து வாசிக்கச் சொன்னாராம். நீலம் அப்படியே இருக்கட்டும்.

இதுவரைக்கும் மூணு தவணை கொடுத்தாச்சு. ஒவ்வொரு தடவை கொடுக்கப் போகும்போதும் பேஸை எடுத்துட்டு வரச் சொல்றார். மோதிர விரல் மடங்கறதில்லை, அதனால ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் வெச்சே ஏதோ ஒரு வழி கண்டுபிடிச்சு வாசிக்கறார். போன மாசம் பேத்தி ஹாஸ்டல்ல இருந்து வந்திருந்தா. "தாத்தா இதுல பாட்டு வாசிக்க முடியுமா?"ன்னு கேட்டா. அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஹெட்போனைத் தேடினேன், அன்னிக்குன்னு பார்த்து கொண்டு வரல.