ஒரே கதை, இரண்டு பாஷை

சேவல் எப்படிக் கூவுகிறது? "இது என்ன கேள்வி? கொக்கரக்கோ என்றுதான்!" என்பீர்கள். அமெரிக்கக் குழந்தையைக் கேட்டால் "காக்-அ-டூடுல்-டூ" என்று சாதிக்கும். பக்கத்திலிருக்கும் மெக்ஸிகோக் குழந்தையோ, "இல்லவே இல்லை, கிகிரிகீ!" என்று அடித்துச் சொல்லும். சேவல் ஒன்றுதான், கேட்கிற காதுகள்தாம் வேறு!

புதன்கிழமைதோறும் காலை 10-30 மணிக்கு இந்தச் சேவல் வழக்குதான் எங்கள் சபையில் முதலில் விசாரணைக்கு வருகிறது. என்ன சபை என்கிறீர்களா? டெக்ஸாஸ் மாகாணத்தில் ஓர் ஊரின் பொது நூல்நிலையத்தில் நான் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், குழந்தைகளுக்கு ஸ்பானிஷிலும் இங்கிலீஷிலும் கதை சொல்லுகிறோம். ஸ்பானிஷுக்கு, மெக்ஸிகோவில் பிறந்த என் சிநேகிதி, இங்கிலீஷுக்கு நான். "மயிலாப்பூர்க்காரிக்கு அங்கே என்ன வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் குழந்தைகள் நினைக்கவில்லை. கதை சொல்லுகிறவள் எந்த ஊராயிருந்தால் என்ன, கதை நன்றாயிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு!

இந்த வழக்கத்தை நாங்கள் கண்டுபிடித்துவிடவில்லை. 1921-ல் நியூயார்க் பொது நூல்நிலையத்தின் 135-வது தெருக் கிளையில் பூரா பெல்ப்ரே என்ற இளம் பெண் வேலைக்குச் சேர்ந்தார். போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து வந்தவர். தம்முடைய பாட்டியிடம் கேட்ட கதைகளில் ஒன்றுகூட அலமாரிப் புத்தகங்களில் இல்லையே என்று அவருக்குக் குறை. அதைத் தாமே தீர்த்து வைத்தார். ஸ்பானிஷிலும் இங்கிலீஷிலும் கதை சொன்னார், பொம்மலாட்டமும் நடத்தினார். 1932-ல் அவர் எழுதிய கதை புத்தகமாக வந்தது. மார்த்தினா என்ற கரப்பான் பூச்சிக்கும் பெரெஸ் என்ற எலிக்கும் கல்யாணமாகிற கதை. பாவம், மாப்பிள்ளை எலி அரிசிப் பாயசப் பானையில் விழுந்துவிடும்! அந்த அம்மையார் 1982-ல் காலமானார். 1996 முதல் அவர் பெயரால் குழந்தைப் புத்தகங்களுக்குப் பரிசு கொடுத்து வருகிறார்கள்.

இரண்டு பாஷையில் கதை சொல்லுவதென்றால், ஒரு வரி இதில், உடனே அதே வரி அதில் என்று சொல்லிக்கொண்டு போவதல்ல. அப்படிச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? இங்கிலீஷ் குழந்தை தன் வரி வரும் வரையில் கூரையைப் பார்த்துக் கொண்டிருக்கும். ஸ்பானிஷ் குழந்தை தன் முறைக்குக் கூரையைப் பார்க்கும். ஆகவே, ஒரு பக்கம் முழுவதும் ஸ்பானிஷ். மறு பக்கம் முழுவதும் இங்கிலீஷ். புரியாததைப் படம் சொல்லிவிடும். ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருகிற கதையாகப் பொறுக்கிக் கொள்ளுவோம். மூன்றாம் தடவை எல்லாக் குழந்தைகளும் கூடச் சேர்ந்து கத்தும். ஒரு துணிக் கோழியும் வைத்திருக்கிறோம். அதற்கு ஸ்பானிஷ் ஒன்றுதான் தெரியும். அதனோடு பேச வேண்டுமானால் இங்கிலீஷ் குழந்தை தன் பக்கத்துச் சிநேகிதனிடம் போய் வார்த்தை கேட்டு வர வேண்டியதுதான்! அந்த ஒரு நிமிஷம் ஸ்பானிஷ் குழந்தை வாத்தியாராகிவிடுகிறான். அவன் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்!

இதில் இன்னொரு பெரிய விஷயமும் இருக்கிறது. டெக்ஸாஸ் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று 1918-ல் சட்டமே போட்டார்கள். 1969-ல்தான் இரு பாஷைப் படிப்புக்கு வழி பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கிய குழந்தைகள் உண்டு. அந்தப் பயம் இன்னும் சில வீடுகளில் ஒட்டிக் கொண்டிருக்கிறது.

எங்கள் சபைக்கு ஒரு தாய் வந்து கொண்டிருந்தாள். எப்போதும் கதவோரத்தில்தான் உட்காருவாள். நாலு வயசுப் பையனிடம் தட்டுத் தடுமாறி இங்கிலீஷில்தான் பேசுவாள். "வீட்டில் ஸ்பானிஷ் பேசினால் பையன் படிப்பில் பின்தங்கிவிடுவான்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பாஷை கேட்பதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதமாவதில்லை என்று ஆராய்ந்தவர்கள் தெளிவாகவே சொல்லுகிறார்கள். ஆனால் பயந்த மனசுக்கு ஆராய்ச்சி எங்கே எட்டுகிறது? ஸ்பானிஷ் தாய்மார் மகனைக் கொஞ்சும்போது "மீஹோ" என்பார்கள். "என் மகனே" என்று அர்த்தம். நம்முடைய "கண்ணா" மாதிரி. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்ஸிகோவிலிருக்கும் பாட்டி டெலிபோனில் கூப்பிட்டால், பையன் பேச்சு வராமல் டெலிபோனைத் தாயிடமே திருப்பிக் கொடுத்துவிடுவானாம். சொல்லும்போது அவள் கண் கலங்கியது.

ஒரு புதன்கிழமை என் சிநேகிதிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஸ்பானிஷ் பக்கத்தைப் படிக்க ஆள் இல்லை. நான் கதவோரம் போய், "நீங்கள் படியுங்கள்" என்று புத்தகத்தை நீட்டினேன்.

"ஐயோ, ஸென்யோரா! நான் ஆறாம் வகுப்புவரைதான் படித்தேன்" என்றாள்.

"இது நாலு வயசுக்காரர்கள் படிப்புத்தானே!" என்றேன்.

சிரித்துவிட்டாள். விரலை வைத்து மெதுவாகப் படிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பக்கத்தில் குரல் நிமிர்ந்தது. நாலாம் பக்கத்தில் ஓநாய்க்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல்! பையன் வாயைப் பிளந்தபடி பார்த்தான். பிறகு எழுந்து, மற்றக் குழந்தைகளைத் தாண்டிக் கொண்டு போய், அவள் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்தான். "வா, மீஹோ" என்றாள் அவள்; படிப்பை நிறுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் டெலிபோனைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம். "பாட்டி, உனக்கு ஓநாய்க் கதை தெரியுமா?" என்று ஸ்பானிஷில் கேட்டானாம். பாட்டிக்குத் தெரியாத ஓநாயா!

சகோதரிகளே, உங்கள் குழந்தையும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவனாக இருக்கலாம். நன்றாகப் படிக்கட்டும். ஆனால் இன்று இரவு, விளக்கை அணைப்பதற்கு முன்னால், உங்கள் அம்மா உங்களுக்குச் சொன்ன ஒரு கதையை, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே அவனுக்குச் சொல்லுங்கள். நடுவில் ஏதாவது மறந்து போனால் பரவாயில்லை. பாட்டியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.