ஓர் அங்குல முடி

அப்பாவுக்குக் கொள்ளி வைத்த மகன் மொட்டை போட்டுக்கொள்கிறான். இரண்டு மாதத்தில் அந்தத் தலையில் ஓர் அங்குலம் முடி முளைத்தால் அதிகம்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டுக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. அப்பா இறந்து இரண்டு மாதம் முடிவதற்குள் அம்மா கெர்ட்ரூட், கொழுந்தன் கிளாடியஸை மணந்துவிட்டாள். கருமாதிக்குச் சுட்ட பலகாரமே ஆறிப்போய்க் கல்யாணப் பந்திக்கு வந்தது என்று நண்பனிடம் குமுறுகிறான். அரண்மனையில் கறுப்பு உடையோடு நிற்பவன் அவன் ஒருவன்தான். பம்மல் சம்பந்த முதலியார் இவனை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். 1973இல் ‘ராஜபார்ட் ரங்கதுரை’ படத்தில் சிவாஜி கணேசனும் இந்த வேஷத்தைக் கட்டினார்.

ஆனால் ஹாம்லெட்டின் கோபம் அம்மாவோடு நிற்பதில்லை. ஒருத்தி செய்ததற்குப் பெண்குலத்தையே ஏசுகிறான். அது தப்பு. மறுமணத்தையே குற்றமாகப் பார்ப்பதும் தப்பு.

கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரிடம் கைம்பெண் மறுமணத்துக்கு விலக்கில்லை. சமவெளியிலோ ‘அறுத்துக் கட்டுகிறவர்கள்’ என்று சில சாதிகளை மற்றவர்கள் இளக்காரமாகப் பேசிய காலம் உண்டு. 1856இல் வந்த கைம்பெண் மறுமணச் சட்டமும் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியது: மறுமணம் செய்தவள் இறந்துபோனவளுக்குச் சமம் என்று வைத்து, முதல் கணவன் சொத்தில் அவளுக்கிருந்த உரிமையைப் பறித்தது. மனைவியை இழந்த ஆணுக்கு இப்படி ஒரு தண்டனை இல்லை. ‘பிள்ளைகளைப் பார்த்துக்க ஆள் வேணாமா’ என்று சொந்தக்காரர்களே பெண் தேடுவார்கள்.

ஆனாலும் மகனின் வலி பொய்யில்லை. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். கூத்தாண்டவர் கோயிலில், மகாபாரதப் போருக்காகக் களப்பலியாகும் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள், மறுநாள் தேர் அழுகளம் சேர்ந்ததும் தாலி அறுக்கிறார்கள். வளையல்கள் உடைகின்றன. ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க, இன்னொருத்தி அவள் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு குளித்து வெள்ளைப் புடவை கட்டுகிறார்கள். அடுத்த சித்திரையில் மறுபடியும் தாலி ஏறும். யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே அழுகைக்கென்று ஓர் இடம் இருக்கிறது, கூட அழ ஆள் இருக்கிறது.

ஹாம்லெட்டுக்கு அவை இரண்டும் இல்லை. நீண்ட நாள் அழுவது ஆண்மைக்கு அழகல்ல என்று சிற்றப்பன் புத்தி சொல்கிறான். துக்கத்தை விடு என்று அம்மாவும் கேட்டுக்கொள்கிறாள்.

அம்மாவுக்கு மறுமணம் பேசும் வீடுகள் தாராளமாகப் பேசட்டும். அதற்கு முன்னால், முடி வளராத தலையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையன் பக்கத்தில் யாராவது போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.