முகவரியோடு சொல்லுங்கள்



கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையில் நான் பணியாற்றுகிறேன். என் மச்சான் அருகிலேயே வெல்டிங் பட்டறை தொடங்கியபோது, என் தம்பி அவருக்கு இரண்டு லட்ச ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தான். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று எவரும் தாளை எடுக்கவில்லை. ஓராண்டு கழிந்ததும், "ஒரு வருடத் தவணைதானே?" என்றான் தம்பி. "பட்டறை நிமிர்ந்த பிறகு என்றுதானே பேச்சு?" என்றார் மச்சான். பெருநாளன்றுகூட இரு வீட்டாரும் ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை.

நடுவில் நின்ற நான், கடனை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆன் பணிக்கிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதி, குர்ஆன்.காம் தளத்தின் முகப்பு முகவரியை இணைத்தேன். கடமை முடிந்ததென்று எண்ணினேன். இரவு மச்சானின் மகள் கேட்டாள்: "மாமா, 114 அத்தியாயங்களில் இதை எங்கே தேடுவது?"

வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வழி கேட்டவரிடம் மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறேன்!

அந்தத் தளத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் தனி முகவரி உண்டு. தளத்தின் பெயருக்குப் பின் சாய்வுக்கோடு இட்டு 2, மீண்டும் சாய்வுக்கோடு இட்டு 282 என எழுதினால், அல்பகராவின் 282ஆம் வசனமே நேராகத் திறக்கும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் அது. தவணைக் கடனை எழுதுதல், நீதியுள்ள எழுத்தர், கடன் பெற்றவரே வாசகத்தைச் சொல்லுதல், சாட்சிகள் என எல்லாம் அதில் உள்ளன. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கலாகாது என்றும் அது அறிவுறுத்துகிறது.

அந்த முகவரியை அனுப்பினேன். மறு வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் மச்சானே தாளோடு வந்தார். பழைய பேச்சை விட்டுவிட்டுப் புதிய தவணையை அவர் சொல்ல, நான் எழுதினேன்; இருவர் சாட்சிக் கையொப்பம் இட்டனர். அல்ஹம்துலில்லாஹ்.

யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையோடு ஹதீஸைப் பாதுகாத்த சமுதாயம் நாம். "எங்கோ படித்தேன்" என்று பகிர்வது நமக்கு அழகன்று. அறிவும் ஓர் அமானிதமே.

எனவே முகப்பை அனுப்பாமல், உரிய பக்கத்தைத் திறந்து, மேலே தெரியும் முகவரியை நகலெடுங்கள். கடவுச்சொல் இட்டு நுழைந்த பக்கங்கள் பிறருக்குத் திறக்காமல் போகலாம். ஆகவே வேறொரு கைபேசியில் சோதித்துப் பாருங்கள். நல்ல முகவரிகள் மாறக் கூடாது என்று உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998இலேயே எழுதினார். ஆயினும் அவை மாறத்தான் செய்கின்றன. ஆதலால் அத்தியாய, வசன எண்களையும் சொற்களில் குறிப்பிடுங்கள். இணைப்பு அறுந்தாலும், வீட்டிலுள்ள முஸ்ஹஃபில் அந்த இடம் அப்படியே இருக்கும்.