மலையில் ஒரு சமதரை

சமவெளிக்காரர்களுக்குத் தரை இனாம். மனையை வாங்கினால் அதுவும் கூடவே வந்துவிடுகிறது. மலையிலோ தரையை முதலில் செய்துகொள்ள வேண்டும், வீடு அப்புறம்.

குன்னூருக்குப் பக்கத்தில் நான் வாங்கிய மனை, இரண்டடி போனால் ஓரடி ஏறும் சரிவு. 30 அடி அகலத்துக்குச் சமமாக வேண்டும் என்றேன். மேஸ்திரி கயிறு கட்டி, ரசமட்டம் பார்த்து, "முழுக்க வெட்டினால் பின்னால் 15 அடிக்கு மண் நிற்கும் ஐயா. பாதி வெட்டிப் பாதி நிரப்பினால் ஏழரை அடி" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மண்ணைச் சுமந்து வெளியே கொட்டும் செலவும் இல்லை. ஆனால் நிரப்பிய மண் நாளாக நாளாக உட்காரும். வெட்டிய மண் உட்காராது. இரண்டின் மேலும் ஒரே வீட்டை வைத்தால் சுவர் நடுவில் வாய் திறக்கும். ஆகவே வெட்டிய பாதியில் வீடு, நிரப்பிய பாதியில் முற்றமும் பூந்தொட்டியும். அந்தப் பாதியையும் சும்மா கொட்டிவிட முடியாது. புல்லைச் செதுக்கி, பழைய சரிவில் படி வெட்டி, அரையடி அரையடியாக மண் போட்டு இடிக்க வேண்டும்.

மேலே ஓர் ஓட்டு வீடு. அதில் தனியாக இருக்கும் பாட்டி ஒரு சாயங்காலம் வேலியோரம் வந்து நின்றார்.

"என் வீட்டுக்குக் கீழே எத்தனை அடி வெட்டறீங்க தம்பி?"

சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதைப் பார்த்தவர் அவர். மாசி வெயிலில் செம்மண் வெட்டு கோட்டைச் சுவர் மாதிரி நிற்கும். ஐப்பசியில் நீர் உள்ளே ஊறினால் கனம் ஏறும், பிடிப்பு போகும். அப்புறம் மேலே இருப்பவர் வீடு கீழே இருப்பவர் வீட்டுக்குள் வந்துவிடும்.

பொக்லைன் வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நீலகிரியில் அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பது கிடக்கட்டும். மண்வெட்டியும் கடப்பாரையும் போதும் என்று நான் முடிவு செய்தேன். அகலத்தையும் 20 அடியாகக் குறைத்தேன். வெட்டு 5 அடியாயிற்று. வீடு 10 அடி அகலத்தில் ரயில் பெட்டி போல நீண்டுவிட்டது. படுகர் ஹட்டிகளில் வீடுகள் சரிவின் குறுக்கே வரிசையாக நிற்பதன் சூட்சுமம் இதுதானோ என்னவோ. கூடத்தில் நாலு பேர் வட்டமாக உட்கார முடியாது, உட்காராவிட்டால் என்ன?

வெட்டின் தலையில் மழைநீரைத் திருப்ப ஒரு கால்வாய். வெட்டைச் சற்றே சாய்த்து, முன்னால் கருங்கல் சுவர். சுவரின் முதுகில் ஜல்லி. அடியில் நீர் வடிய 11 துளைகள். துளையில்லாத சுவர் அணைக்கட்டு. அணைக்கு வேண்டிய கனமோ அதற்கு இல்லை. "பார்க்க அசிங்கமாக இருக்கிறது, சிமெண்டு வைத்து அடைத்துவிடு" என்று ஒரு உறவினர் யோசனை சொன்னார். அவர் ஊர் தஞ்சாவூர்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை பாட்டி குடையோடு இறங்கி வந்து, சுவரோரமாகக் குனிந்து நடந்தார்.

"ஒம்பதுதான் ஒழுகுது தம்பி. அந்தக் கோடியிலே ரெண்டை ஒரு குச்சி விட்டுக் குத்திப் பாருங்க."