கழித்தல்

மகன் 32 வாரத்தில் பிறந்தான். எடை 1.6 கிலோ. பிறந்ததும் அழவில்லை. 19 நாள் இன்குபேட்டரில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது டிஸ்சார்ஜ் தாளில் ‘ஹை ரிஸ்க், தொடர் பரிசோதனை தேவை’ என்று எழுதியிருந்தது. ஃபைலில் போட்டு பீரோவில் வைத்தேன்.

குறைமாதக் குழந்தைக்குக் கரெக்டட் ஏஜ் என்று ஒன்று உண்டு. 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைகிறதோ, அதை வயதிலிருந்து கழிக்க வேண்டும். எங்களுக்கு எட்டு வாரம். இரண்டு வயதுவரை இப்படித்தான் பார்க்கணும் என்றார் டாக்டர். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப்போனது.

ஏழாம் மாதம் மனைவி, “ஏங்க, வலது கைய இறுக்கி மூடியே வச்சிருக்கான், பாருங்க” என்றாள். “இப்ப அஞ்சு மாசம்தானே” என்றேன். ஒன்பதாம் மாதமும் உட்காரவில்லை. “நீயே ஒன்றரை வயசுலதான்டா நடந்த” என்றார் அம்மா. அதற்குக் கொஞ்சம் கழித்தேன். ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் செய்யும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதற்கும் கொஞ்சம். ஆபீஸ் சர்வரிலிருந்து அலெர்ட் வந்தால் இரவு இரண்டு மணிக்கும் எழுந்து பார்க்கிறவன் நான். பாதி பொய்யாக இருக்கும். ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

முதல் பிறந்தநாள் முடிந்த வாரம் மனைவியே கிளம்பிவிட்டாள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் அமைக்கப்பட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். நானும் பின்னாலேயே போனேன். தெரபிஸ்ட் ஓர் அட்டையை விரித்தார். திருவனந்தபுரத்தில் உருவாக்கியது. 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. குழந்தையின் வயதில் பென்சிலை நெட்டாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கமே முடிந்துவிட்ட பட்டைகளில் ஒன்றைக் குழந்தை செய்யாவிட்டாலும் தாமதம் என்று அர்த்தம்.

12இல் வைத்தார். “கரெக்டட் ஏஜ் பாக்கணும் மேடம்” என்றேன். 10க்கு நகர்த்தினார். அப்போதும் அவன் செய்யாதவை இரண்டு இருந்தன.

“இதுக்கு மேல தள்ள முடியாது சார்.”

அன்றைக்கே பயிற்சியைத் தொடங்கினார். என்ன பிரச்சினை என்று தெரிந்த பிறகுதானே சிகிச்சை என்று கேட்டேன். “பேரு மெதுவா வரட்டும். மூளை வேகமா வளர்றது இப்பதான்” என்றார்.

ஹை ரிஸ்க் என்று எழுதிய குழந்தைகளில் பலர் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தாள் கேட்டதெல்லாம், கொண்டுவந்து காட்டு என்பது மட்டும்தான்.

இப்போது அவனுக்கு நான்கு வயது. வலது காலில் ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டு ஓடுகிறான். ஏழாம் மாதமே வந்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காதா என்று தெரபிஸ்டிடம் ஒருமுறை கேட்டேன். பதில் சொல்லாமல் அவன் காலில் பட்டையை இறுக்கிவிட்டார். நடுவில் போன அந்த ஐந்து மாதத்தைப் பற்றி மனைவி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.