ஒரே பலகையில் இரண்டு பன்னீர்

தமிழில் 'பன்னீர்' என்பது இரண்டு பொருள்களுக்குப் பெயர். ஒன்று, கல்யாண வாசலில் வெள்ளிச் செம்பைக் குலுக்கித் தெளிக்கும் ரோஜா மணமுள்ள நீர். மற்றொன்று, பாலைத் திரித்து, வடிகட்டி, அழுத்தி எடுக்கும் வெள்ளைக் கட்டி. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் பலகையில் 'பன்னீர் சோடா' என்றும், அதற்குக் கீழேயே 'பன்னீர் பட்டர் மசாலா' என்றும் ஒரே எழுத்தில் எழுதியிருந்தது. இக்கட்டுரையாளரின் தேடல் அந்தப் பலகையில்தான் தொடங்கியது. பால்கட்டிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது, அது தமிழர் தட்டுக்கு எந்த வழியாக வந்தது, வந்தபின் என்னவாக மாறியது என்பவையே கேள்விகள்.

பெயரின் கதை எளிது. நறுமண நீரைக் குறிக்கும் பன்னீர், 'பனிநீர்' என்பதன் மரூஉ என்பர். பால்கட்டியைக் குறிப்பது பாரசீகச் சொல்லான 'பனீர்'. அம்மொழியில் அது எல்லா வகைப் பாலாடைக்கட்டிக்கும் பொதுப்பெயர். துருக்கியில் 'பெய்னிர்', ஆர்மீனியத்தில் 'பனிர்' என்று அதே சொல் வழங்குகிறது. ஈரானியர் உப்புநீரில் ஊறிய பனீரை ரொட்டி, பச்சிலைகள், அக்ரூட் கொட்டையோடு காலையில் உண்கின்றனர். இந்தியில் பனீர் ஆனது, தமிழ் எழுத்தில் ஏற்கெனவே பழகியிருந்த பன்னீரோடு கலந்துவிட்டது. வேறுபடுத்துவதற்காகப் 'பனீர்' என்றே எழுதுவோரும் உண்டு.

மூன்றாவது ஒரு பன்னீர் நாட்டுமருந்துக் கடையில் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கென்று இரவில் ஊறவைத்துக் காலையில் குடிக்கும் 'பன்னீர்ப்பூ' பூவும் அல்ல, அதற்கும் ரோஜாவுக்கும் உறவும் இல்லை. அது அமுக்கரா இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் உலர்ந்த காய். ஆப்கானிஸ்தானிலும் சிந்துப் பகுதியிலும் அந்தக் காயை இட்டுப் பாலை உறையவைத்துப் பனீர் செய்தார்கள். அதனால் வந்த பெயர். பாலைக் கட்டியாக்கும் நொதி அந்தக் காயில் உண்டு.

தமிழ்ச் சமையலில் பால் பொங்கலாம், காயலாம், வற்றலாம், தயிராகலாம், திரியக் கூடாது. வெயில் காலத்துக் காலையில் அடுப்பில் பால் திரிந்துபோனால் அது அன்றைய வீட்டின் முதல் வருத்தம். சிக்கனமான வீடுகளில் அதைக் கொட்டாமல் சர்க்கரை போட்டுக் கிண்டிவிடுவார்கள். திரட்டுப்பாலோ, பாலைத் திரிக்காமல் சுண்டக் காய்ச்சிச் செய்வது.

பாலைக் கெட்டியான கட்டியாக உண்ணும் பழக்கம் தமிழகத்தில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சீம்பால் இருக்கிறது. கன்று ஈன்ற பசுவின் முதல் பால் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும். கன்று குடித்தது போக மீந்ததில் வெல்லமும் ஏலக்காயும் கலந்து, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பர். எலுமிச்சையும் வேண்டாம், உறையும் வேண்டாம். சாதாரணப் பாலில் புரதம் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். முதல் கறவையில் 14 விழுக்காடு வரை இருக்கும். சூடு பட்டதும் அந்தப் புரதமே உறைந்து, கத்தியால் வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். கன்று ஈன்ற ஓரிரு நாள்களுக்குள் செய்தால்தான் உண்டு. ஆந்திரத்தில் இதை 'ஜுன்னு' என்பர்.

பாலை வேண்டுமென்றே திரிக்கும் முறைக்குத் தென்னிந்தியாவிலேயே பழைய சான்று இருக்கிறது. கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 12ஆம் நூற்றாண்டு நூலான 'மானசோல்லாசம்', காய்ச்சிய பாலில் புளிப்பிட்டுப் பிரித்து, துணியில் வடித்து, அரிசி மாவு சேர்த்து உருட்டிப் பொரிக்கும் இனிப்பைச் சொல்கிறது. ஆகவே, இந்தக் கலையை வங்காளத்துக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்களே என்ற வாதத்தை இந்தியா முழுமைக்கும் நீட்ட முடியாது. அழுத்தாத 'சானா'வைப் பிசைந்து இனிப்பாக்குவதில் வங்காளமும் ஒடிசாவும் முன்னே நிற்கின்றன. ரசகுல்லாவுக்கு 2017இல் வங்காளமும் 2019இல் ஒடிசாவும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றன. ஒடிசாவின் 'சேனா போடா'வுக்குச் சானாவோடு சர்க்கரையும் ரவையும் சேர்த்து, சால இலையில் பொதிந்து, மேல்தோல் கருகும்வரை சுடுவர். 'போடா' என்றால் கருகியது என்றே பொருள். ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்கு வரும் ஒடியத் தொழிலாளிக்குப் பால்கட்டி முதலில் ஓர் இனிப்பு, பிறகுதான் குழம்பு.

செய்முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. பாலை 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி, சற்று ஆறவிட்டு, எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ ஊற்றினால் கட்டியும் பச்சைச் சாயல் கொண்ட தெளிநீரும் பிரியும். துணியில் வடித்து, பாரம் ஏற்றி, குளிர்ந்த நீரில் இட வேண்டும். 10 லிட்டர் எருமைப்பாலுக்குச் சுமார் 2 கிலோ கிடைக்கும். பசும்பாலுக்கு ஒன்றரைக் கிலோ. அமிலத்தால் உறைந்தது என்பதால் இது அடுப்பில் உருகாது. பீட்சாவில் இழையும் சீஸ், நொதியால் உறைந்தது. உருகாத இந்தக் குணமே பன்னீரைக் குழம்புக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் ஏற்றதாக்கியது.

தமிழகத்துப் பன்னீர்த் தொழிலின் தொடக்கம் ஈரோட்டுப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. பால் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த டி. சதீஷ்குமார், 1990களில் பன்னீர் செய்து பெங்களூருக்கு அனுப்பத் தொடங்கினார். வாங்கியவை அங்கிருந்த உணவகங்கள். அந்த முயற்சிதான் பின்னர் 'மில்கி மிஸ்ட்' நிறுவனமாக வளர்ந்தது. கூட்டுறவு நிறுவனமான ஆவினும் பன்னீர் விற்கிறது. தமிழகப் பன்னீர் இப்படி வெளியூர் ஓட்டல்களை நம்பி எழுந்தது. உள்ளூர் அடுப்படி அதைப் பிறகுதான் ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்ட விதம்தான் இந்தத் தேடலில் கிடைத்த விடை. தமிழர் பன்னீரைப் பால் பொருளாக உண்பதில்லை. கறியின் இடத்தில் வைத்து உண்கிறார்கள். சிக்கன் 65 சென்னை புகாரி ஓட்டலில் பிறந்தது என்பது பரவலான செய்தி. அதே மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, கொதிக்கும் எண்ணெயோடு அது பன்னீர் 65 ஆனது. சில்லி சிக்கனுக்குச் சில்லி பன்னீர், முட்டைப் பொரியலுக்குப் பன்னீர் புர்ஜி, பிரியாணிக்குப் பன்னீர் பிரியாணி. புரட்டாசியில் கவிச்சி தொடாத வீட்டிலும், சைவக் கல்யாணப் பந்தியிலும் அதற்கு இடம் கிடைத்தது இந்த வழியில்தான். பன்னீருக்குத் தனிச்சுவை குறைவு என்பது குறையாகவே எண்ணப்படவில்லை. மசாலாவை ஏந்தி நிற்பதே அதன் வேலை.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்குள்ள 'காட்டேஜ் சீஸ்' அழுத்தாதது. கொழுப்பெடுத்த பாலை உறையவைத்து, பருக்கை பருக்கையாகக் கிரீமில் மிதக்கவிடுவது. முதல் உலகப் போரில் இறைச்சியை மிச்சப்படுத்த, அதை அதிகம் உண்ணும்படி அந்நாட்டு வேளாண் துறை சுவரொட்டி ஒட்டியது. பிறகு அது உடல் இளைப்போரின் உணவாயிற்று. பழத்துண்டுகளோடு உண்பது வழக்கமானது. 1974 ஆகஸ்ட் 8 அன்று பதவி விலகலை அறிவித்த அதிபர் நிக்சனின் அன்றைய மதிய உணவு, அன்னாசித் துண்டுகளின் மேல் வைத்த காட்டேஜ் சீஸும் ஒரு குவளைப் பாலும்.

இங்கே பன்னீருக்குத் தேவை கூடியதும் போலியும் வந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, பன்னீரில் ஈரம் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஈரம் நீங்கிய எடையில் பாதியாவது பால் கொழுப்பாக இருக்க வேண்டும். பாமாயிலும் மாவும் சேர்த்துச் செய்ததைப் பன்னீர் என்று விற்பது குற்றம். ஒரு துண்டை வெந்நீரில் கொதிக்கவைத்து ஆறியபின் அயோடின் சொட்டு விட்டால், மாவு கலந்திருந்தால் நீலம் பாயும். ஆனால் எண்ணெய்க் கலப்பை இந்தச் சோதனை காட்டாது. ஆகவே உறையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குவதே வழி.

சேரப்பணஞ்சேரிக் கடைப் பலகையில் பன்னீர் வகைகள் ஏழு இருந்தன. சீம்பால் இல்லை, அதற்கு மாடு கன்று போட்ட வீட்டுக்குத்தான் போக வேண்டும்.