அணியத்தில் எழுதிய இலக்கம்

திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரையில் வரிசையாக இழுத்து விடப்பட்டிருக்கும் பைபர் படகுகளின் அணியத்தில், அதாவது முன்முனையில், எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த வரி ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கினால் அது வெளியே எஞ்சின் பூட்டிய பைபர் படகு. ஐ.எம்.யூ.எல். என்றால் நாட்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்யும் பெரிய படகு. எம்.டி.ஆர்.பி. என்பது எஞ்சின் பூட்டிய மரபு வள்ளம், என்.டி.ஆர்.பி. என்பது எஞ்சினே இல்லாத வள்ளம். வரியின் கடைசியில் டி.சி.ஓ. என்று முடிந்தால் திருகோணமலை, பி.சி.ஓ. என்றால் மட்டக்களப்பு, சி.எச்.டபிள்யூ. என்றால் சிலாபம். படகு எந்த வகை, எந்தக் கடற்றொழில் மாவட்டத்தில் பதிவானது என்பதைக் கரையில் நின்றபடியே வாசித்துவிடலாம்.

இந்த இலக்கத்துக்கு அடிப்படை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம். இலங்கைக் கடலில் மீன் பிடிக்கும் உள்ளூர்ப் படகு பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது அது. படகைப் பதிவது ஒன்று, அதைக் கொண்டு தொழில் செய்ய உரிமம் எடுப்பது இன்னொன்று. பதிவு படகுக்கு, உரிமம் தொழிலுக்கு.

வேலை தொடங்குவது கடற்கரையில் அல்ல, படகு கட்டும் இடத்தில்தான். கட்டியவர் தரும் பற்றுச்சீட்டு, எஞ்சின் வாங்கிய கடையின் பற்றுச்சீட்டு, அதிலுள்ள எஞ்சின் தொடர் இலக்கம், உரிமையாளரின் தேசிய அடையாள அட்டை ஆகியவை கையில் இருந்தால் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி. பரிசோதகர் வந்து படகை அளந்து பார்ப்பார். இலக்கம் கிடைத்ததும் அணியத்தின் இரு புறமும் தெளிவாக எழுத வேண்டும். பழைய படகை வாங்கியவருக்கு அலைச்சல் கூடும். விற்றவர் பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்றாமல் விட்டால், கடலில் ஏதும் நடக்கும்போது ஏட்டில் நிற்பது பழைய உரிமையாளரின் பெயர்தான்.

செலவு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது அரச கட்டணத்தைத்தான். சிறு படகுக்காரரை அதைவிட அதிகம் அழுத்துவது மற்றவை. வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ நகரத்துக்கு வந்துபோகும் பேருந்துக் காசு, கடலுக்குப் போகாத நாளின் வருமானம், தொலைந்த பற்றுச்சீட்டுக்கு மாற்று ஆவணம் தேடும் அலைச்சல் எல்லாம் அதில் சேரும். பயணிகளை ஏற்றும் படகானால் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, காப்புறுதி என்று பட்டியல் நீளும். உயிர்காப்பு அங்கி வாங்குவதைச் செலவு என்று கருதுவோர் இன்னும் இருக்கிறார்கள். அது படகின் ஒரு பாகம். எஞ்சின் இல்லாமல் படகு ஓடாதது போல அங்கி இல்லாமலும் ஓடக் கூடாது.

பதிவேடு எதற்கு உதவும் என்பதை இந்தக் கரை மிகக் கொடிய முறையில் கண்டது. 2004 டிசம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலை, நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அழித்தது அல்லது சேதப்படுத்தியது. எத்தனை போயின, யாருடையவை போயின என்று நிறுவ நம்பகமான ஏடு தேவைப்பட்டது. பிறகு உதவியாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட சிறு படகுகளில் பல தரக்குறைவானவை என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பு எச்சரித்தது. யார் கட்டினார், எந்த அளவில் கட்டினார், யார் பார்த்து ஏற்றுக்கொண்டார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாமல் தண்ணீரில் இறங்கும் படகு, அதில் ஏறுபவருக்கு ஆபத்து.

ஆனாலும் காகிதம் என்றதும் திருகோணமலைக் கடற்றொழிலாளர் தயங்குவதற்கு வரலாறு உண்டு. போர்க்காலத்தில் கடலுக்குப் போக அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. போகும் நேரத்துக்கும் தூரத்துக்கும் எஞ்சின் வலுவுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அந்த ஆண்டுகளில் ஒருவரின் பெயரும் படகும் ஏட்டில் ஏறியது அவரைக் காப்பதற்காக அல்ல, கண்காணிப்பதற்காக. அந்த நினைவு ஒரு தலைமுறைக்குள் அழியாது. அதிகாரிகள் இதைப் புரிந்துகொண்டு பேச வேண்டும்.

இதே கரையில் முறைமை தவறியதால் நேர்ந்த பழைய கதை ஒன்றும் உண்டு. 1659இல் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் சரிசெய்யக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. வந்த நோக்கத்தைக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு முறைப்படி எழுதி அறிவிக்கவில்லை. கப்பல் தலைவரும் அவரது மகன் றொபேட் நொக்ஸும் மாலுமிகள் சிலரும் மூதூர்ப் பக்கத்தில் சிறைபிடிக்கப்பட்டனர். மகன் தப்பிப் போக 1679 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று உல்லாசப் பாய்க்கப்பலில் திருகோணமலைக்கு வரும் வெளிநாட்டவர் சுங்கம், குடிவரவு, சுகாதாரம் என்று வரிசையாகக் கடக்கிறார். வந்தவர் யார், எந்தக் கொடியின் கீழ் வந்தார் என்ற கேள்வி மாறவில்லை.

வெளிநாட்டுப் பாய்க்கப்பலுக்கு வழி தெளிவாக இருக்கிறது. உள்ளூரில் உல்லாசத்துக்கு ஓடும் சிறு படகின் நிலைதான் கவலை தருகிறது. ஊரவர் புறாமலை என்று சொல்லும் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. பவளப்பாறை பார்க்க வருவோரை நிலாவெளியிலிருந்து ஏற்றிச் செல்வன பெரும்பாலும் மீன்பிடிப் படகின் அமைப்பிலுள்ள பைபர் படகுகளே. திருகோணமலைச் சுவாமிமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கு 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வந்தன. அந்த விதிகள் வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. மீன் பிடிக்கக் கொடுத்த இலக்கம், ஒரு குடும்பத்தை ஏற்றிச் செல்வதற்கான சான்று ஆகாது. வலை தாங்கும் படகும் குழந்தைகளை இருத்தும் படகும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கலாம்; ஆனால் ஒரே பக்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று கமரா பிடிக்கும்போது அவை தண்ணீரில் நடந்துகொள்ளும் விதம் வேறு.

கேரளத்தின் தானூரில் 2023 மே 7 மாலை நடந்தது இதுதான். மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்ட ஒன்று, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுக் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் சிறுவர்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் அந்தப் படகை நம்பியிருந்தார்கள். அது உல்லாசப் பயணம் அல்ல, பாடசாலைக்குப் போகும் வழி. ஆனாலும் சடலங்கள் கரை சேர்ந்தவுடன் ஊரே கேட்டது ஒரே கேள்விதான்: இதற்கு அனுமதி கொடுத்தது யார்? ஒரு படகு தண்ணீரில் இறங்குவதற்கு முன் அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் அதைத் தேடி அலையக் கூடாது.

மற்ற நாடுகளின் வழிகள் ஒன்றுபோல இல்லை. நியூசிலாந்தில் உல்லாசப் படகுக்குக் கட்டாயப் பதிவே இல்லை. கனடாவில் ஏரிக்குப் படகு கொண்டுபோகும் நம்மவர், எஞ்சின் 10 குதிரைவலு அல்லது அதற்கு மேல் இருந்தால் உரிம இலக்கம் பெற்று அணியத்தில் எழுத வேண்டும். பிரித்தானியாவில் 24 மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்கென்று தனி ஏடு இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்று ஆகாது. ஒவ்வொரு நாடும் தன் கடலையும் தன் மக்களையும் பார்த்தே கோடு போட்டிருக்கிறது.

திருகோணமலைக்கும் அதன் கடலைப் பார்த்துப் போட்ட கோடு வேண்டும். வாடைக்காற்று ஓய்ந்து சுற்றுலாப் பருவம் தொடங்குமுன், நிலாவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் கரையிலேயே ஒரு நாள் நடமாடும் சேவை நடத்தலாம். பிரதேச செயலகங்கள் அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றுக்கும் அப்படி நடத்துவதுண்டு. கடற்றொழில், வனசீவராசிகள், துறைமுகம், கடற்படை ஆகிய நான்கு தரப்பும் ஒரே கொட்டகையில் அமர்ந்தால், படகுக்காரர் ஒரு நாளில் முடிக்கலாம். ஏற்றக்கூடிய ஆட்களின் தொகையை இலக்கத்துக்குப் பக்கத்திலேயே, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதச் சொல்ல வேண்டும். பயணி ஏறுமுன் அதை வாசித்து, ஆட்களை எண்ணிப் பார்த்து, கூடினால் இறங்கிவிட உரிமை உண்டு என்பதையும் கடற்கரைப் பலகையில் எழுதி வைக்கலாம்.